கிணறா, மழையா, ஆர்ஓவா: யாழ்ப்பாணத்துச் செடித்தொட்டிக்கு எந்தத் தண்ணீர்?

செடித்தொட்டி, அதாவது மீனோடு நீர்ச்செடி வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது லைட் எத்தனை வாட், காபனீரொட்சைட்டு சிலிண்டர் வேண்டுமா என்றுதான். தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கிணறு இருக்கிறது, பிறகென்ன? யாழ்ப்பாணத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வீட்டுக் கேத்திலின் அடியைத்தான். அதில் படிந்திருக்கும் வெள்ளை, தொட்டியில் எது வளரும் எது அழுகும் என்பதைப் பாதி சொல்லிவிடும். நம் காலுக்குக் கீழே சுண்ணக்கல். மழை அதற்குள் இறங்கி, கல்லைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது.

என்னிடம் இரண்டடித் தொட்டிகள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 55 லீற்றர். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர் மட்டும், மற்றதில் மழைத் தண்ணீர் கலந்தது. மெசினில் வடித்து உப்பு நீக்கிய ஆர்ஓ தண்ணீரையும் ஆறு மாதம் ஊற்றிப் பார்த்தேன்.

முதலில் கிணறு. எங்கள் கிணற்றில் கேஎச், அதாவது தண்ணீரில் கரைந்த காபனேற்றின் அளவைச் சோதித்தால் நிறம் மாற 14 துளி போகும். ஒரு துளிக்கு ஒரு அலகு, ஆக கேஎச் 14. இது கடினத் தண்ணீர்தான், ஆனால் செடி வளராத தண்ணீர் இல்லை. வலிஸ்னேரியாச் செடி இந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகாபனேற்றிலிருந்தே காபனை எடுத்துக்கொள்ளும். அதன் பழைய இலையை விரலால் தடவினால் மண்தாள் மாதிரிச் சொரசொரக்கும். காபனை எடுத்தபின் இலைமேல் படிந்த சுண்ணாம்பு அது. கிரிப்டோகோரைன் வென்டியும் தாராளமாக வரும். இலங்கைக்கே உரிய செடி, ஓடைகளில் பிறந்தது, ஆனாலும் நம் கல் தண்ணீரைச் சகித்துக்கொள்ளும். நட்ட முதல் இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கரைந்து போகும். பயந்து பிடுங்க வேண்டாம், கிழங்கிலிருந்து திரும்பத் துளிர்க்கும். மீனில் கப்பியும் மொலியும் இந்தத் தண்ணீரில் கொண்டாட்டமாக இருக்கும்.

கடினத் தண்ணீருக்குக் காபனீரொட்சைட்டு கூடுதலாகத் தேவை என்று கடையில் சொல்வார்கள். அது சரியில்லை. கரையும் வாயு அதேதான், அமிலம் கூடினால் இறங்கும் பிஎச் எண் மட்டும் உயரத்தில் நிற்கும். வாயு 30 பிபிஎம் (லீற்றருக்கு 30 மில்லிகிராம்) இருக்கும்போது கேஎச் 4 தண்ணீரில் பிஎச் 6.6 காட்டும், 14 தண்ணீரில் 7.15 அளவில் காட்டும். இதைத் தெரியாமல் பிஎச்சை 6.6க்கு இறக்கப் பார்த்தால் வாயு 100 பிபிஎம்மைத் தாண்டி மீன் மேலே வந்து வாய் திறக்கும்.

வலிகாமத்துத் தோட்டப் பக்கக் கிணறுகளில் இன்னொரு விசயம் உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரம் கீழே இறங்கி நைத்திரேற்றாக வருகிறது. குடிக்க நல்லதில்லை, செடிக்கோ இலவச உரம். அதனால் நைதரசன் உரப்போத்தல் வாங்காதீர்கள். பொட்டாசியமும் இரும்பும் போதும். இரும்பு உரத்தில், இரும்பைக் கரைந்தபடியே பிடித்து வைக்கும் டிடிபிஏ சேர்ந்த வகையைத் தேடுங்கள். ஈடிடிஏ வகை இந்தப் பிஎச்சில் சீக்கிரம் பயனற்றுப் போகும். தொட்டியின் அடியில் போடும் விலை கூடிய அக்குவா சொயில் மண்ணும் இங்கே காசுக்குக் கேடு. பிஎச்சை இறக்கும் அதன் சக்தியைக் கிணற்றுத் தண்ணீர் சில மாதத்தில் தின்றுவிடும்.

சரி, மழை. மாரியில், ஐப்பசி முதல் மார்கழி வரை, பீலியில் வருவதைப் பிடிக்கலாம். முதல் இரண்டு மழை கூரையைக் கழுவட்டும், அதை விட்டுவிடுங்கள். முதல் வருடம் நான் பரலோடு நின்றதைப் பார்த்து, “மீனுக்கு என்னத்துக்குத் தம்பி மழைத்தண்ணி, கிணத்தில இல்லையோ?” என்று பக்கத்து வீட்டு மாமி சிரித்தார். மாமி சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றினேன். அதில் கேஎச் ஏறக்குறைய பூச்சியம், தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் பிஎச் சரிந்து ஒரே கிழமையில் நாலு நியோன் டெட்ரா மீன் போயின. இப்போது ஒரு வாளி கிணறு, இரண்டு வாளி மழை. கேஎச் 5க்குப் பக்கத்தில் நிற்கிறது. ரொட்டாலா மக்ராண்ட்ரா என்ற சிவப்புச் செடி அந்தத் தொட்டியில்தான் நிறம் பிடித்தது.

சேமிப்பதுதான் தலையிடி. கிழமைக்கு 18 லீற்றர் மாற்றினால் அதில் 12 மழை. தை முதல் புரட்டாசி வரை 39 கிழமைக்கு 468 லீற்றர். 200 லீற்றர் பரல் மூன்று வேண்டும், நுளம்பு போகாதபடி மூடியும் வேண்டும். மற்றது, இந்தத் தொட்டிக்குள் முருகைக்கல் வைக்காதீர்கள். எந்தக் கல் வைப்பதானாலும் ஒரு சொட்டு வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு, கேஎச்சைக் கூட்டும், வெளியே.

மழை பிடிக்க வசதியில்லை என்கிறவர்களும் ஒரு பரலாவது வையுங்கள். கோடையில் தொட்டியைக் குளிர்த்த விசிறி போட்டால் நாளுக்கு ஒரு லீற்றர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, சுண்ணாம்பு உள்ளேயே நிற்கும். குறைந்ததைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பியே இரண்டு மாதத்தில் கிணற்றுத் தொட்டியின் கேஎச் 14இலிருந்து 19 ஆனது. குறைவை நிரப்ப மழை, தண்ணீர் மாற்றக் கிணறு என்று பிரித்துக்கொண்டால் போதும்.

ஆர்ஓவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. என்றைக்கும் ஒரே மாதிரித் தண்ணீர் கிடைக்கும், நுணுக்கமான இறால் வளர்ப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வீட்டு மெசின் ஒரு லீற்றர் தர மூன்று லீற்றர் அளவில் வெளியே விடும், கிணறு இறங்கும் ஆவணியில் அதைப் பார்க்க மனம் வராது. கல்சியம், மகனீசியத்தை எடுத்துவிட்டு, பிறகு அதையே உப்பாகக் காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டும். உப்புப் போட்டு இயக்கும் மென்னீராக்கியை ஆர்ஓ என்று நினைத்துவிடாதீர்கள், அது கல்சியத்துக்குப் பதில் சோடியத்தைத் தரும்.

ஆகவே முதல் தொட்டிக்குக் கிணறு, இரண்டாவதுக்கு மழைக் கலப்பு என்பேன். தீவுப் பக்கம் கிணறு உவர் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அங்கே மழைத் தண்ணீரையே ஊற்றி, கலப்புக்குப் பதில் வடிகட்டிக்குள் ஒரு கைப்பிடி உடைத்த முருகைக்கல்லைப் போடுங்கள். முதலில் கொஞ்சமாகப் போட்டு, கிழமைக்கு ஒருமுறை துளி எண்ணிப் பார்த்துக் கூட்டுங்கள்.