வண்டியை இறக்கித் தருகிறோம் என்று 1,900 டாலர் வாங்கினார்கள்

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே, ஃப்ரீமான்ட் பக்கம் பழைய பிக்கப் வைத்துக்கொண்டு, அதன் உயரத்தைக் குறைத்து, கொஞ்சம் தரையோடு இறக்கி ஓட்ட ஆசைப்படும் நம் ஆட்கள் சிலரை எனக்குத் தெரியும். கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் 1,900 டாலர் வாங்கிக்கொண்டு, முன்பக்கம் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, பின்பக்கம் இரும்புக் குழாய்த் துண்டுகளைச் செருகி அனுப்பிவிட்டார்கள். வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒழுங்காக இறக்கிய வண்டியும் ஏமாற்றி இறக்கிய வண்டியும் நின்றுகொண்டிருக்கும்போது ஒரே அழகுதான்.

என்னுடையது 1994 டொயோட்டா பிக்கப். டூ வீல் டிரைவ், 22ஆர்இ எஞ்சின். மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று ஓடிய அதே வண்டியை இங்கே வெறும் ‘பிக்கப்’ என்றே விற்றார்கள். எஞ்சின் இன்னும் கல் மாதிரி இருக்கிறது. வண்டியை இறக்குவது இந்த ஊருக்குப் புதிதல்ல. இப்படி இறக்கிய வண்டிகளுக்கான லோரைடர் பத்திரிகையே 1977-ல் சான் ஹோசேயில்தான் தொடங்கியது. ரிம்மின் அடிவிளிம்பை விடத் தாழ்வாக வண்டியின் எந்தப் பாகமும் வரக்கூடாது என்று கலிஃபோர்னியாவில் நெடுங்காலம் ஒரு சட்டம் இருந்தது. 2024 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அவ்வளவு தாழ்வு தேவையும் இல்லை. முன்னால் இரண்டு அங்குலம், பின்னால் மூன்று, அவ்வளவுதான் கேட்டேன்.

கடைக்காரர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டில் இருந்தவை: முன்பக்கம் இரண்டு அங்குல டிராப் ஸ்பிண்டில், பின்பக்கம் மூன்று அங்குல லோயரிங் பிளாக் (ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங் எனும் பட்டை வில்லுக்கும் நடுவே வைக்கும் கட்டை), அதை இறுக்கிப் பிடிக்க அதற்கேற்ற நீளமான புது யு போல்ட், நான்கு குட்டை ஷாக் அப்சார்பர், கடைசியில் வீல் அலைன்மென்ட். நல்ல பட்டியல். இதில் ஒன்றைக்கூட நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். பட்டியலில் இருந்தது வண்டியில் இல்லை என்பதுதான் வழக்கு.

டிராப் ஸ்பிண்டிலுக்கு ஏன் காசு கொடுக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அதில் சக்கரம் மாட்டும் தண்டு வழக்கத்தை விட இரண்டு அங்குலம் மேலே இருக்கும். அதனால் வண்டி இறங்கும், ஆனால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் எல்லாம் பழைய கோணத்திலேயே நிற்கும். சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஆடுவதற்கான இடம் குறையாது. இந்த வண்டியின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது, முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற கம்பிதான். அதன் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டைத் தளர்த்தினாலும் வண்டி இறங்கிவிடும். பாகச் செலவு பூஜ்யம், வேலை அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்து, அடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும், டோ, அதாவது சக்கரம் பார்க்கும் திசை, மாறும், டயர் உள்விளிம்பில் தேயும்.

வண்டியை எடுத்த அன்று எனக்கு ஒரே சந்தோஷம். ஃபோட்டோ எடுத்து வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டேன். அடுத்த சில நாட்களில் 880 நெடுஞ்சாலையில் ஒவ்வொரு பால இணைப்பிலும் ‘டம்’ என்று ஒரு அடி. இறக்கினால் கொஞ்சம் கடினமாகத்தான் இருக்கும், பழகிவிடும் என்றார் கடைக்காரர். அப்புறம் மழை வந்தது. ஒரு சிக்னலில் சாதாரணமாகத்தான் பிரேக் மிதித்தேன். பின்பக்கம் தனியாக நகர்ந்து பக்கத்து லேன் கோட்டைத் தொட்டு நின்றது. பக்கத்தில் வண்டி இல்லாதது என் நல்ல நேரம். அதன் பிறகு அந்தக் கடைக்குத் திரும்பப் போக மனம் வரவில்லை.

தெரிந்தவர் ஒருவர் ஹேவர்டில் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். இளவயதிலிருந்தே லோரைடர் வேலை செய்பவர். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் அவர் முதலில் பார்த்தது டார்ஷன் பார் போல்ட்டை. முழுக்கத் துருப்பிடித்த போல்ட்டில் சமீபத்தில் திருகிய மரை மட்டும் பளபளவென்று இருந்தது. ஸ்பிண்டில் கம்பெனி போட்ட அதே பழைய ஸ்பிண்டில்தான், மேலே கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட். அவசரத்தில் அடித்ததில் பிரேக் ஹோஸிலும் கொஞ்சம் பெயின்ட். ஷாக்கும் பழையதே.

அப்புறம் பின்பக்கம் போனார். ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே இருந்த கறுப்புக் கட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். பெயின்டுக்கு அடியில் டேப் ஒட்டியிருந்தது. அதை உரித்துவிட்டு உள்ளே விரலை விட்டார். விரல் முழுதாக உள்ளே போனது. இரும்புக் கடையில் நீளக்கணக்கில் விற்கும் சதுரக் குழாய், ரம்பத்தால் அறுத்த பிசிறுகூட ராவவில்லை. உண்மையான பிளாக் திடமான உலோகம். அதில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முளையும் இருக்கும், லீஃப் ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் தலை குழியில் உட்கார்ந்து ஆக்சிலை நகராமல் பிடிக்கும். இதில் குழியும் இல்லை, முளையும் இல்லை. யு போல்ட்டின் இறுக்கம் ஒன்றே பிடிமானம். குழாயின் சுவர் நசுங்க ஆரம்பித்தால் அந்த இறுக்கமும் போய்விடும். ஒரு பக்கக் குழாய் ஏற்கனவே லேசாக உப்பியிருந்தது. இந்த வண்டியில்தான் குழந்தையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தேன்.

மழையில் பின்பக்கம் வழுக்கியதற்குக் காரணம் வேறு. இந்த வண்டியில் பின் ஆக்சிலில் இருந்து ஒரு கம்பி பிரேக் வால்வுக்குப் போகிறது. பின்னால் சுமை ஏறி வண்டி தாழ்ந்தால், பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று அந்த வால்வு புரிந்துகொள்ளும். மூன்று அங்குலம் நிரந்தரமாக இறக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், காலி வண்டியைச் சுமை வண்டி என்று அது நினைத்துக்கொள்ளும். ஈரத் தரையில் பின் சக்கரம் லாக் ஆகும். வால்வு இருக்கும் வண்டியை இறக்கித் தரும் எவரும் இதைப் பற்றி நீங்கள் கேட்காமலே பேச வேண்டும். பேசவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரியவர் கடைசியாகக் கேட்டது அலைன்மென்ட் சீட்டை. அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். மேலே வண்டி விவரம் இருக்க வேண்டிய பகுதி கிழிக்கப்பட்டிருந்தது, அதை நானும் கவனித்திருந்தேன். அவர் காட்டியது கீழே. பின் சக்கரங்களின் கேம்பரும் (சக்கரத்தின் சாய்வு) டோவும் ‘முன்பு’ ஓர் அளவு, ‘பின்பு’ வேறு அளவு, சரிசெய்யப்பட்டதாகப் பச்சை நிறத்தில் இருந்தது. என் வண்டியின் பின்பக்கம் ஒரே இரும்பு ஆக்சில். அங்கே கேம்பரையும் டோவையும் திருகிச் சரிசெய்ய எதுவுமே கிடையாது. யாரோ ஒருவருடைய காரின் சீட்டை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஃபோட்டோக்களோடு கடைக்குப் போனேன். இது கஸ்டம் வேலை, வாரன்டி கிடையாது என்றார். சரி, கழற்றிய என் பழைய ஸ்பிண்டில் எங்கே என்றேன். ஸ்கிராப்பில் போட்டாச்சு என்றார். பழைய ஸ்பிண்டில் வாசலில் நிற்கும் வண்டியிலேயே இருக்கிறது என்று சொன்னதும், ஃபோன் வருகிறது என்று உள்ளே போய்விட்டார்.

கலிஃபோர்னியாவில் வாகன ரிப்பேர் கடைகளுக்கு என்றே ப்யூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற மாநில அமைப்பு இருக்கிறது. வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும், உங்கள் ஒப்புதல் வாங்க வேண்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தையும் தனியாக எழுத வேண்டும், புதிதா பழையதா என்பது உட்பட. வேலை தொடங்கும் முன்பே கேட்டு வைத்தால் கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். இந்தக் கடைசி உரிமையை எல்லோரும் பயன்படுத்துங்கள். ‘பழைய பாகம் எனக்கு வேண்டும்’ என்று ஆர்டர் சீட்டில் எழுத வைத்துவிட்டால், மாற்றாததை மாற்றியதாகச் சொல்வது கஷ்டம்.

அங்கே ஆன்லைனில் புகார் கொடுத்தேன், கட்டணம் இல்லை. என் பில்லில் ஸ்பிண்டில், பிளாக், ஷாக் எல்லாம் ‘புதிது’ என்று எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. அவர்கள் கடையைத் தொடர்புகொண்ட பிறகு 1,200 டாலர் திரும்பி வந்தது. ஹேவர்ட் பெரியவர் எஸ்டிமேட்டில் இருந்த அதே வேலையை முறையாகச் செய்து, வால்வுக் கம்பியின் பிராக்கெட்டையும் மாற்றி, 1,650 வாங்கினார். பால இணைப்பில் இப்போது அந்த அடி இல்லை. முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்ந்து போனதால் அதற்குத் தனிச் செலவு.

மீதிப் பணத்துக்கும் டயருக்கும் சேர்த்து சான்டா கிளாரா கவுண்டியில், சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறேன். தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க அனுமதியில்லை, நாமேதான் பேச வேண்டும். அது முடியும்வரை கடைப் பெயரைச் சொல்ல மாட்டேன், தனிச்செய்தியில் கேட்காதீர்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கடையின் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை ப்யூரோவின் தளத்தில் நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.