ஹன்சார்ட் தேடல் தளம்: அரசமைப்பு வாதத்துக்கு எவ்வளவு உதவும்?

ஐந்துக்கு நான்கு தரலாம். ஹன்சார்ட் என்பது நாடாளுமன்ற விவாதங்களின் எழுத்துப் பதிவு; அதைத் தேட உதவும் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் இந்தத் தளம் இலவசம். 1955 முதலான விவாதங்கள் கிடைக்கின்றன. ‘அரசின் கையைக் கட்டத்தான் அந்தப் பிரிவையே வைத்தார்கள்’ என்று யாராவது அடித்துப் பேசினால், சரிபார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஆனால் இங்கிருந்தே தொடங்கக் கூடாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தெளிவாக்கிய வரிசை வேறு: வாசகம் தாங்கும் பொருள்கள் முதலில், சட்டத்தின் நோக்கம் அடுத்து, அந்தப் பொருள்களை நோக்கத்தோடு ஒப்பிடுவது கடைசியில். எனவே சட்டத் தொகுப்புத் தளத்தில் பிரிவைப் படித்து, திருத்தம் வந்த ஆண்டைக் குறித்துக்கொண்டு, பிறகு ஹன்சார்டில் அந்தத் திருத்த மசோதாவின் இரண்டாம் வாசிப்பை, அதாவது அதன் நோக்கத்தை விளக்கி விவாதிக்கும் கட்டத்தை, திறக்கவும். மசோதாவை முன்வைத்த அமைச்சரின் உரைக்குத்தான் எடை. அமைச்சர் பதவியில் இல்லாத பின்வரிசை உறுப்பினரின் ஆவேசம் படிக்கச் சுவையானது, அவ்வளவுதான்.

ஒரு பிரிவின் பொருள் எப்படி வழக்காகிறது என்பதற்கு அரசமைப்பின் 144ஆம் பிரிவைப் பாருங்கள். சர்வதேச நாணய நிதியத்துக்கு 2012இல் அறிவித்த 400 கோடி அமெரிக்க டாலர் கடனுக்கு அதிபரின் இசைவு வேண்டும் என்று வழக்கு வந்தது. அந்தப் பிரிவு அரசு வாங்கும் கடனுக்குத்தான், கொடுக்கும் கடனுக்கு அல்ல என்றது நீதிமன்றம்.

நிராகரிக்கப்பட்ட யோசனைகளும் சான்றுதான். மனிதத்தன்மையற்ற தண்டனையைத் தடைசெய்யுமாறு 1966ஆம் ஆண்டு அரசமைப்பு ஆணையம் பரிந்துரைத்தது; அரசு ஏற்கவில்லை. 2010இல் ஒரு மரணதண்டனை வழக்கில் அந்த நிராகரிப்பே மனுதாரருக்கு எதிராக நின்றது. அந்த ஆணைய அறிக்கையைத் தனியே தேடிப் படித்துவிடுங்கள்.