சாட்சியச் சட்டக் கட்டுரை அனுப்புகிறவர்களுக்கு: இந்த வகை ஆய்விதழ்களிடம் உஷார்

சாட்சியச் சட்டத்துக்கென்றே நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஆய்விதழிடம் என் கட்டுரை மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பெயரைச் சொல்லிப் பயனில்லை; இந்த ஆட்கள் அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். செய்யும் வேலை மட்டும் மாறாது, அதைச் சொல்கிறேன்.

கட்டுரை தடயவியல் வல்லுநர் சான்றைப் பற்றியது. அனுப்பிய சூட்டோடு 'ஏற்கப்பட்டது' என்று மின்னஞ்சல் வந்தது, கூடவே இரண்டு மதிப்பாய்வுக் குறிப்புகள். ஒருவர் 'நல்ல கட்டுரை, வெளியிடலாம்' என்று முடித்துவிட்டார். இன்னொருவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லியிருந்தார். தீர்ப்புகளை மட்டுமே அலசும் கட்டுரையில் ஆட்களுக்கு எங்கே போவது? ஏதோ மருத்துவக் கட்டுரைக்கு எழுதியதை அப்படியே ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்து வந்தது பில். அவர்களுடைய தளத்தில் கட்டணம் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. நல்ல இதழ்களிலும் கட்டணம் வாங்குபவை உண்டு, ஆனால் முன்னாலேயே சொல்லிவிடும். கட்ட முடியாது, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். திரும்பப் பெறுவதற்கும் கட்டணமாம்! இந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே வெளியிட்டும் விட்டார்கள்.

அந்த பி.டி.எஃப்.-ஐத் திறந்து பார்த்தால் அடிக்குறிப்பு ஒன்றுகூட இல்லை. சட்டக் கட்டுரைக்கு உயிரே அங்கேதானே இருக்கிறது: எந்தத் தீர்ப்பு, எந்தப் பத்தி, மாறுபட்டு எழுதிய நீதிபதி யார் என்பதெல்லாம். வரிகளுக்கு மேலே குட்டிக் குட்டி எண்கள் மட்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. டாபர்ட் என்ற அமெரிக்க வழக்கின் தீர்ப்பிலிருந்து எடுத்த ஒரு பத்தி, மேற்கோள்குறி உதிர்ந்து, என் சொந்த வாக்கியம் போல நிற்கிறது. படிக்கிறவர்கள் என்னைத் திருடன் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த வழக்கை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 1993இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அறிவியல் சான்றை ஏற்கலாமா என்று பார்க்க நீதிபதிகளுக்குச் சில அளவுகோல்களைக் கொடுத்தது. அந்த முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, பிழை விகிதம் எவ்வளவு என்பவற்றோடு, சக ஆய்வாளர்கள் மதிப்பாய்வு செய்து வெளியானதா என்பதும் அதில் ஒன்று. வெளியானது என்பதே முடிவான அத்தாட்சி ஆகாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சரி, ஆனால் எத்தனை வழக்கறிஞர்கள் அதுவரை தோண்டுவார்கள்? இப்படிப்பட்ட இதழில் வந்த தடயவியல் கட்டுரையைக் காட்டி ஒரு வல்லுநர் கூண்டில் நின்று பேசினால், சிறைக்குப் போகிறவர் வேறு யாரோ.

எனக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் வேறு. மதிப்புள்ள ஆய்விதழ்கள் ஏற்கெனவே வெளிவந்ததை எடுப்பதில்லை. என் உழைப்பு இப்போது 'வெளிவந்த' கட்டுரை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் குடைந்து பார்த்தேன். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருந்தது, அது வெறும் அடையாள எண், தரத்துக்குச் சான்றே இல்லை. கட்டுரையை இணையத்தில் கண்டுபிடிக்க உதவும் நிரந்தர எண்தான் டி.ஓ.ஐ.; என் கட்டுரைக்குக் கொடுத்திருந்ததைத் தேடினால் எங்கேயும் போய்ச் சேரவில்லை. பதிப்பு நெறிகளுக்கான 'கோப்' அமைப்பின் முத்திரையைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் இந்த இதழ் இல்லை. ஆசிரியர் குழுவில் பெயர் இருந்த ஒரு பேராசிரியருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதினேன். அப்படி ஒரு இதழ் இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். அனுப்புவதற்கு முன் வேறு எதையும் பார்க்க நேரமில்லை என்றால், இந்த ஒரு மின்னஞ்சலையாவது போட்டுவிடுங்கள். பழைய கட்டுரை ஒன்றைத் திறந்து அடிக்குறிப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இது சட்டத் துறையோடு நிற்கும் வியாதி இல்லை. 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஆய்விதழ்களை வெளியிடும் ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக 5 கோடி டாலருக்கும் மேல் கட்ட உத்தரவிட்டது. மதிப்பாய்வு பற்றிப் பொய் சொன்னதும் கட்டணத்தை மறைத்ததும் அந்த வழக்கின் புகார்கள். எனக்கு வாய்த்தவர்கள் வேறு ஆட்கள், ஆனால் அதே பாணி.

பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்கும் படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. இப்போதைக்கு என் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். திரும்பப் பெறுவதாக எழுதிய மின்னஞ்சல்களை எல்லாம் தேதிவாரியாக இணைத்து, நடந்ததை மறைக்காமல் எழுதி, வேறொரு இதழின் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.