எம்ஓடியா, அடமானப் பத்திரமா?

வீட்டுக்கடன் ஆலோசனைக்குப் புதிதாக வந்தவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. எம்ஓடி என்பது சொத்தின் மூலப்பத்திரத்தைக் கடன் தருபவரிடம் ஒப்படைத்து வைக்கும் அடமானம்; அடமானப் பத்திரம் என்பது எழுதிப் பதியும் சாதா அடமானம். இரண்டுமே 1882 சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் வருபவைதான்.

உருவாகும் விதம்: எம்ஓடியில் மூலப்பத்திரத்தை ஒப்படைப்பதே அடமானம். சாதா அடமானத்துக்கு எழுதிய பத்திரம், இரு சாட்சிகள், பதிவு வேண்டும்.

இடம்: எம்ஓடிக்குப் பத்திரத்தை ஒப்படைக்கும் ஊர் சென்னையாகவோ அரசு அறிவித்த வேறு ஊராகவோ இருக்க வேண்டும். வீடு எந்தக் கிராமத்திலும் இருக்கலாம். பலர் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

செலவு: தமிழ்நாட்டில் எம்ஓடி மலிவு.

வசூல் உரிமை: வித்தியாசமில்லை. அதே சட்டத்தின் 96ஆம் பிரிவு எம்ஓடியைச் சாதா அடமானத்துக்குச் சமமாக வைக்கிறது. வங்கி, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்திலிருந்து வசூலிக்க வழிசெய்யும் 2002 சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் தரலாம். தனியாள் பொதுவாகக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

முடிக்கும்போது: இரண்டிலுமே கடன் தீர்ந்த ரசீதைப் பதிய வேண்டும், இல்லையேல் வில்லங்கச் சான்றில் கடன் நிற்கும். வங்கி 30 நாளில் பத்திரங்களைத் தராமல் தன் தவறால் தாமதித்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இதைக் கடன் கேட்டு வருபவரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

வங்கிக் கடனுக்கு எம்ஓடி போதும். தனியாரிடம் வாங்கினால், வட்டியும் தவணையும் எழுத்தில் நிற்கும் அடமானப் பத்திரமே என் தேர்வு.