அயோவா காகஸா, நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியா? ரெண்டு ஊர்லயும் குப்பை கொட்டினவன் கணக்கு

2020ல அயோவாவோட டெஸ் மாய்ன்ல கிரீன் கார்டோட இருந்தேன், 2024ல நியூ ஹாம்ப்ஷயரோட நாஷுவால சிட்டிசனா ஓட்டே போட்டுட்டேன், அதனால அமெரிக்க அதிபர் வேட்பாளர் ரேஸ்ல எந்த மாநிலம் பெருசுன்னு பேச்சு வந்தா எனக்கு வாய் சும்மா இருக்காது. கட்சிங்க மாநிலம் மாநிலமா வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற வரிசைல வழக்கமா முதல்ல வர்றது இந்த ரெண்டும்தான்: அயோவால காகஸ், அதாவது கூட்டம் கூடித் தேர்ந்தெடுக்கிறது; நியூ ஹாம்ப்ஷயர்ல பிரைமரி, அதாவது சாவடிக்குப் போய் ஓட்டுப் போடுறது. நான் நியூ ஹாம்ப்ஷயர் கட்சி, முதல்லயே சொல்லிடுறேன்.

டெலிகேட் (கட்சி மாநாட்டுல வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற மாநிலப் பிரதிநிதி) கணக்குல ரெண்டுமே சுண்டைக்காய்தான். 2024 ரிபப்ளிகன் மாநாட்டுக்கு மொத்தம் 2,429 டெலிகேட், அதுல அயோவாவுக்கு 40, நியூ ஹாம்ப்ஷயருக்கு 22. ஆனா முதல் ரெண்டு எடத்துல சறுக்கினா நன்கொடை நின்னுடும், டிவிக்காரன் திரும்பிப் பாக்க மாட்டான், கடையைக் கட்ட வேண்டியதுதான். 2024ல ரிபப்ளிகன் பக்கம் நின்ன விவேக் ராமசாமி, வீட்டுல தமிழ் பேசுற பாலக்காட்டுக் குடும்பம், அயோவாவைச் சுத்து சுத்துன்னு சுத்தினாரு, நாலாவது வந்தாரு, அன்னிக்கு ராத்திரியே ரேஸ்ல இருந்து விலகிட்டாரு.

அயோவாவுக்கு ஒரு பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன். 1976ல யாருக்கும் தெரியாம இருந்து அப்புறம் அதிபரான கார்ட்டரை ஊருக்குக் காட்டினது அதுதான் (வேடிக்கை என்னன்னா அன்னிக்கு அவரை விட 'யாருக்கும் இல்ல'ன்னு நின்னவங்கதான் அதிகம்). 2008ல ஒபாமா ஜெயிச்சதும் அங்கதான். ஆனா அதே 2008, 2012, 2016ல ரிபப்ளிகன் பக்கம் ஜெயிச்ச ஹக்கபி, சான்டோரம், க்ரூஸ் மூணு பேருமே கடைசில வேட்பாளர் ஆகல. சரியா ஜோசியம் சொல்றதை வச்சுப் பாத்தா நியூ ஹாம்ப்ஷயரும் யோக்கியம் இல்ல, 2020ல பைடனை அஞ்சாவது எடத்துக்குத் தள்ளின ஊரு, அப்புறம் சவுத் கரோலினா வந்துதான் அவரைத் தூக்கி விட்டது.

அதனால ஜோசியத்தை விடுங்க, யாரு உள்ள வர முடியுதுங்கறதுதான் எனக்கு விஷயம். டெமாக்ரட் காகஸை 2020 பிப்ரவரி 3 ராத்திரி ஒரு ஸ்கூல் ஜிம்ல ஓரமா நின்னு பாத்தேன். ஏழு மணிக்கு ஆரம்பம், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை, 15 சதவீதம் தேறாத கூட்டம் கலைஞ்சு வேற மூலைக்குப் போகணும், நடுவுல அக்கம்பக்கத்து ஆளுங்க வந்து கையைப் பிடிச்சு இழுக்குறாங்க, கிட்டத்தட்ட கல்யாணப் பந்திக்கு ஆள் பிடிக்கிற மாதிரி. பாக்க அழகுதான். ஆனா என் பக்கத்து வீட்டு அக்கா நர்ஸு, அன்னிக்கு நைட் டூட்டி, அவ்ளோதான் அவங்க ஓட்டு போச்சு. சின்னக் குழந்தை வச்சிருக்கவங்க, முதலாளிக்குத் தெரியாம ஓட்டுப் போடணும்னு நினைக்கிறவங்க எல்லாருக்கும் இதே கதிதான். போதாததுக்கு ரிசல்ட் அனுப்புற ஆப் சொதப்பி, யார் ஜெயிச்சாங்கன்னு நாள்கணக்கா தெரியல. நான் பாத்தது அந்த ஒரு காகஸ்தான், ரிபப்ளிகன்காரங்க சீட்டுல எழுதிப் போட்டுட்டு சீக்கிரம் முடிச்சிடுவாங்க, ஆனா அங்கயும் அந்த ஒரு சாயங்காலத்துக்கு நேர்ல போயாகணும்.

நியூ ஹாம்ப்ஷயர்ல சாதாரண எலெக்‌ஷன் மாதிரியே பகல் முழுக்க ஓட்டுப்பதிவு, ரகசிய ஓட்டு. கட்சி சாராதவங்க எந்தக் கட்சி பேலட் (ஓட்டுச் சீட்டு) வேணும்னாலும் கேட்டு வாங்கலாம், போட்டுட்டு அங்கயே ஒரு கையெழுத்து போட்டா மறுபடி கட்சி சாராதவங்கதான். நான் அப்படித்தான் பண்ணேன், பத்து நிமிஷம் ஆச்சு. வித்தியாசம் நம்பர்லயே தெரியும்: அயோவா ஜனத்தொகை சுமார் 32 லட்சம், இங்க 14 லட்சம். ஆனா 2020 டெமாக்ரட் பக்கம் அங்க வந்தது 1,76,000 பேர் மாதிரி, இங்க 3 லட்சத்தை ஒட்டி. 2024 ரிபப்ளிகன் பக்கம் அங்க 1,10,000 தான், இங்க 3 லட்சத்துக்கு மேல.

வேட்பாளருக்கும் இதுதான் வித்தியாசம். 1968ல பதவில இருந்த அதிபர் ஜான்சன் இங்க ஜெயிச்சும், சொந்தக் கட்சிலயே அவரை எதிர்த்து நின்ன மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினதும் ஆடிப்போயி, அந்த மார்ச் கடைசிலயே மறுபடி நிக்கலைன்னு சொல்லிட்டாரு. ஜிம் மூலைல நிக்கிற கூட்டத்தைப் பாத்து யாரும் அப்படி பயந்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

2024ல டெமாக்ரட் கட்சி சவுத் கரோலினாவை முதல்ல வச்சுது, நியூ ஹாம்ப்ஷயர்காரங்க, எங்க பிரைமரிதான் முதல்லங்கற மாநிலச் சட்டத்தைக் காட்டி அதுக்கு முன்னாடியே நடத்திட்டாங்க, பைடன் பேரே பேலட்ல இல்ல, ஜனங்க கையால எழுதியே அவரை ஜெயிக்க வச்சாங்க. டெஸ் மாய்ன் நண்பனுக்கு இதைச் சொன்னா, "எங்க மைனஸ் குளிர்ல வந்து நின்னு பாரு, அப்புறம் பேசு"ங்கறான். அதுக்குத்தான்டா நான் கிளம்பினேன்னு சொல்லிட்டேன்.