பழைய சுமீத் மிக்ஸி இப்ப வாங்கி ஓட்டலாமா? கூடவே எங்க செட்டு சேர்ந்த கதை

பழைய சுமீத் மிக்ஸி செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமான்னு கேட்டா வாங்கலாம்ங்க, ஆனா மூணு கண்டிஷன். மோட்டார்ல கம்பெனி காயில், அதாவது உள்ள சுத்தியிருக்கற செம்புக் கம்பி, அப்படியே இருக்கணும், ஜார் ஒண்ணாவது கூடவே வரணும், உங்க ஊர்ல காயில் கட்டத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் ஒருத்தர் வீட்டு பரண்ல இருந்து எறக்கி இன்னொருத்தர் வீட்டு பரண்ல ஏத்துன கதைதான். நான் இருக்கறது கோயமுத்தூர், பம்ப்செட்டும் மோட்டாரும் செய்யற ஊரு, அதனால மூணாவது கண்டிஷனுக்கு இங்க பஞ்சமே இல்ல, நாலு தெரு நடந்தா காயில் கட்டற வைண்டிங் கடை ஒண்ணு வந்துரும்.

என் மிஷின் உக்கடம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில கெடைச்சுது. 1,200 சொன்னாரு, பேசி 900க்கு முடிச்சேன். வெள்ளை பாடி வருஷக்கணக்குல அடுப்புப் புகை பட்டு மோர்க்குழம்பு கலருக்கு வந்திருந்துச்சு, பெரிய ஸ்டீல் ஜார் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு மூடி இல்ல, ஒயர எலி கடிச்சு வெச்சிருந்துச்சு. அடியில இருக்கற பேர்த் தகட்டுல 600 வாட்ஸ்னு இன்னும் படிக்க முடியுது. ஒரு கையில தூக்குனா கை எறங்கும், அவ்ளோ கனம்.

அந்த கனத்துக்கு ஒரு காரணம் இருக்குங்க. 1960கள்ல பம்பாய்ல சீமென்ஸ் கம்பெனியில இன்ஜினியரா இருந்தவரு சத்ய பிரகாஷ் மாத்தூர். அவங்க வீட்ல ஜெர்மன்காரன் பண்ணுன பிரவுன் மிக்ஸி ஒண்ணு, அவரு சம்சாரம் மாதுரி மாத்தூர் அதுல நம்ம நாட்டு சமையலுக்கு அரைக்கப்போக மோட்டார் புகைஞ்சு போச்சு, இங்க அதுக்கு சர்வீஸ் பண்ணவும் ஆளில்ல. அப்புறம் அவரே உக்காந்து நம்ம அரைப்பத் தாங்கற மாதிரி ஒரு மோட்டார் டிசைன் பண்ணி, 1963ல பவர் கன்ட்ரோல் அண்ட் அப்ளையன்சஸ்னு கம்பெனி போட்டு, அதுல இருந்து வந்ததுதான் சுமீத். வெளிநாட்டு மிக்ஸியெல்லாம் சூப்பு, ஜூஸு, கேக் மாவுன்னு சாஃப்டான ஐட்டத்துக்கு செஞ்சது, அதுல போயி காஞ்ச மஞ்சளும் ஊறுன உளுந்தும் போட்டா அது என்னதான் பண்ணும். அம்மியும் ஆட்டுக்கல்லும் பண்ற வேலைய ஒரு சின்ன மோட்டார் பண்ணணும்னா கம்பி தடியா இருக்கணும், இரும்பு நெறைய இருக்கணும், அந்த கனம்தான் கையில தெரியுது. நம்ம பக்கம் ஒரு காலத்துல மிக்ஸின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, சுமீத்னு தான் சொல்லுவாங்க, சீர்வரிசையில சுமீத் வந்துச்சான்னு பாக்க வர்றவங்க கேப்பாங்க. 1978ல சென்னையில இருந்து பிரீத்தி வந்ததுக்கப்புறம் கதை மாறுச்சு, அது வேற ரிவ்யூ.

சரி, அரைக்கறது எப்படின்னு சொல்லிடறேன். சாம்பார் பொடிக்கு வறுத்த மல்லி, மொளகா, கடலப்பருப்பு எல்லாம் போட்டா ரெண்டாவது ஸ்பீடுலயே நைஸா வந்துருது. காஞ்ச மஞ்சக்கெழங்க உரல்ல ரெண்டு தட்டு தட்டிப் போட்டேன், ஒரு நிமிஷம் கடகடன்னு சத்தம், அப்புறம் பவுடர். தேங்காச் சட்னி பிரமாதம்னு சொல்ல மாட்டேன், இந்த பெரிய ஜார்ல கொஞ்சமா போட்டா எல்லாம் சுவத்துல ஒட்டிக்குது, நடுவுல பிளேடு சும்மா சுத்துது, சின்ன ஜார் இருந்தாத்தான் சட்னி. இட்லி மாவு அரைக்கலாம், ஆனா அரைக்காதீங்க, எந்த மிக்ஸியா இருந்தாலும் அந்த வேகத்துல மாவு சூடாகிரும், கிரைண்டர் மாவு மாதிரி இது பொங்கி வராது. கோயமுத்தூர்ல உக்காந்துட்டு மிக்ஸியில மாவு அரைக்கறேன்னு சொன்னா ஊருக்குள்ள மரியாதையும் இருக்காது.

சத்தம் இருக்குங்க, மறைக்கல. அந்த காலத்து மிக்ஸி எல்லாமே அப்படித்தான், ஓட்டுறப்ப பக்கத்துல நிக்கறவங்ககிட்ட கை ஜாடையிலதான் பேசணும். காலைல ஆறு மணிக்கு அபார்ட்மெண்ட்ல போடற மிஷின் இல்ல இது. அப்புறம் தொடர்ந்து ஓட்டக்கூடாது, இப்ப வர்ற மிக்ஸியிலயே 30 நிமிஷம் ரேட்டிங்னு போட்டு அதுலயும் அஞ்சு நிமிஷம் ஓட்டி ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்றாங்க, வயசான மோட்டார நாம இன்னும் கொஞ்சம் பாத்து வேலை வாங்கணும். என் மிஷின்ல எனக்கு ரொம்ப புடிச்சது பிளேடுதான். ஸ்பேனர் போட்டு கழட்டி வேற பிளேட மாட்டிக்கலாம், ஒரு ஜாரே நாலு வேலை பாக்கும். கழுவறதுக்கும் சுகம், பிளேடுக்கு அடியில நேத்து சட்னி ஒளிஞ்சு கெடக்காது.

வாங்கறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா காசு போறது இங்கதான். மிக்ஸி மோட்டார்ல சுத்தற ஆர்மேச்சருக்கு கரண்ட் போறது ரெண்டு பக்கமும் உரசிட்டு இருக்கற கார்பன் பிரஷ் வழியா. மொதல்ல அதைக் கழட்டிப் பாருங்க, கார்பன் தேஞ்சு கட்டையாயிருந்தா பிரச்சனையே இல்ல, ரொம்ப கம்மி காசுல புதுசு மாட்டிரலாம். பிரஷ் உரசற செம்பு வளையம், கம்யூட்டேட்டர்னு சொல்லுவாங்க, அது கருப்பாயிருந்தா நைஸான சாண்ட் பேப்பர் போட்டா பளிச்சுன்னு வந்துரும், ஆனா குழி விழுந்து ஒரு பக்கம் கரிஞ்சிருந்தா அந்த மிஷின அங்கயே வெச்சுட்டு வந்துருங்க. ஓட விட்டுப் பாக்கறப்ப பிரஷ் கிட்ட நீலமா சின்னச் சின்ன பொறி வந்தா ஓகே, வட்டமா நெருப்பு சுத்துனா உள்ள காயில் போச்சுன்னு அர்த்தம்.

இன்னொரு டெஸ்ட் இருக்கு, அதப் பாக்கறதுக்குன்னே வைண்டிங் கடைக்கு போலாம். குரோலர்னு ஒரு சாமான், வி ஷேப்ல வாய் வெச்ச இரும்புக் கட்டை, அதுக்குள்ள ஒரு காயில். ஆர்மேச்சர தனியா கழட்டி அந்த வாய்ல படுக்க வெச்சு கரண்ட் விட்டு, ஒரு பழைய ஹாக்ஸா பிளேட நீளவாக்குல மேல புடிச்சுட்டு மெதுவா உருட்டிட்டே வரணும். நல்ல காயிலா இருந்தா பிளேடு கம்முனு இருக்கும், எங்கயாவது ஷார்ட் இருந்தா அந்த காயில் இருக்கற பள்ளம் வர்றப்ப பிளேடு டர்ர்ர்னு நடுங்கும். இத வாங்கறதுக்கு முன்னாடி இன்னொரு மிஷின் 600 ரூபாய்க்கு வந்துச்சு, பாக்க புதுசு மாதிரி இருந்துச்சு, யாரோ எங்கயோ மெலிசு கம்பி போட்டு காயில் கட்டி வெச்சிருக்காங்க, குரோலர்ல வெச்ச உடனே பிளேடு ஆடுன ஆட்டத்துல கடைக்கார அண்ணன் சிரிச்சுட்டாரு. "இதுல ரசப்பொடி கூட அரையாதுங்க தம்பி"ன்னு சொல்லி திருப்பிக் குடுத்துட்டாரு. என்னோடதுக்கு பிரஷ்ஷும், தண்டு உள்ள நின்னு சுத்தற புஷ்ஷும் மாத்துனோம், எலி கடிச்ச ஒயர வீசிட்டு எர்த்தோட மூணு கோர் ஒயர் போட்டோம், மொத்தம் 450. ஒயர் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஸ்டீல் ஜாரு, ஈரக்கை, பழைய ரெண்டு பின் பிளக்கு, இது மூணும் ஒண்ணா சேரவே கூடாது.

இப்ப மெயின் தலைவலி, ஜார். மோட்டார் 40 வருஷம் தாங்கும், ஜார் அப்படியா, மூடி தொலையும், புஷ் தேயும், எவர்சில்வர்காரன்கிட்ட போட்டு வேற பாத்திரம் எடுத்திருப்பாங்க. சில பேர் வீட்ல ஜார் மட்டும் இருக்கும், அதுல அரிசி அளந்துட்டு இருப்பாங்க, மோட்டார் இரும்புக் கடைக்கு போயிருக்கும். இரும்புக் கடைக்காரரு அத மிக்ஸியா பாக்க மாட்டாரு, ஒடைச்சு உள்ள இருக்கற காப்பர மட்டும் எடுத்துக்குவாரு. நல்ல காப்பர் போட்டு பண்ணுனதே இதுக்கு எமன். 2011ல கவர்மெண்ட் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் குடுத்தப்ப எங்க தெருவுல மட்டும் எத்தன பழசு தள்ளுவண்டியில போச்சுன்னு கணக்கே இல்ல.

இந்த ஜார் பஞ்சத்துலதான் எங்க செட்டே ஆரம்பிச்சுது. யாரும் கிளப் ஆரம்பிக்கலாம்னு உக்காந்து பேசலீங்க. அந்த வைண்டிங் கடை அண்ணன் பில் புக்கோட கடைசிப் பக்கத்துல ஒரு லிஸ்ட் எழுதி வெச்சிருப்பாரு, யாருக்கு என்ன ஸ்பேர் வேணும், யார்கிட்ட என்ன சும்மா கெடக்குதுன்னு. பீளமேட்ல இருந்து ஒரு டீச்சரக்கா, மோட்டார் இருக்கு ஜார் இல்ல. மில்லுல எலக்ட்ரீஷியனா இருந்து ரிட்டயர் ஆன ஐயா ஒருத்தரு, அவங்க வீட்டம்மா காலத்து ஜார் மூணும் பத்திரமா இருக்கு, மோட்டார் எரிஞ்சு போயி எப்பவோ தூக்கிப் போட்டாச்சு. அண்ணன் ஒரு நாள் ரெண்டு பேரையும் கடைக்கு வரச்சொல்லி, "அக்கா, உங்க மோட்டாருக்கு ஜாரு ஐயாகிட்ட இருக்குதுங்க, பேசி முடிச்சுக்கோங்க"ன்னு விட்டுட்டாரு. ஆனா பாருங்க, அந்த அக்கா எங்கம்மா மிக்ஸி நான் குடுக்க மாட்டேங்கறாங்க, ஐயா என் சம்சாரம் தொட்டு அரைச்ச ஜார் நான் விக்க மாட்டேங்கறாரு. அப்ப டீ வாங்கிட்டு வரப் போன பையன், இன்ஜினியரிங் காலேஜ் பையன், சும்மா புராஜெக்ட்டுக்கு காயில் வாங்க வந்தவன், எங்க ஹாஸ்டல் மெஸ்ல ஒரு பழைய சுமீத் மூலையில கெடக்குதுங்கன்னு சொல்ல, மெஸ்காரர்கிட்ட பேசி அந்த மோட்டார் ஐயாவுக்கு வந்துச்சு, அதோட ஜாரு அக்காவுக்கு போச்சு. பையன் அப்படியே ஒட்டிக்கிட்டான். எனக்கு என் ஜாரோட பிளேடு மாத்தற ஸ்பேனர் குடுத்ததே அந்த ஐயாதான், அப்படி நானும் உள்ள வந்துட்டேன்.

இப்ப ஞாயித்துக்கெழம காலைல கடை வாசல்ல கூடறோம், தலைவர் செயலாளர் கெடையாது, சந்தா கெடையாது, ஒரே ஒரு ரூல், காப்பருக்காக யாரும் எதையும் ஒடைக்கக் கூடாது. அமெரிக்காவுல வேக்குவம் கிளீனர் சேக்கறவங்களுக்குன்னே ஒரு கிளப் இருக்கு, வருஷா வருஷம் மாநாடே போடறாங்க, அதுக்கு முன்னாடி நாங்கெல்லாம் சின்னப் பசங்க. ஆனா மிக்ஸியோட நிக்கல. ஒருத்தரு மர்ஃபி வால்வு ரேடியோ கொண்டு வந்தாரு, அத நேரா பிளக்ல சொருகுனா பழைய கெப்பாசிட்டர் வெடிச்சுரும்னு கரண்ட் மட்டா போற மாதிரி நடுவுல ஒரு பல்ப சீரிஸ்ல போட்டு மெதுவா உயிர் குடுத்தோம். இன்னொருத்தர் வீட்ல கல்லு கிரைண்டர், சாய்ச்சு மாவு ஊத்தற டைப், அஞ்சு பேர் சேர்ந்துதான் வண்டியில ஏத்துனோம். வெட் கிரைண்டரே இந்த ஊரு சரக்குங்க, 1955ல சபாபதிங்கறவரு இங்கதான் மொதல்ல செஞ்சாரு, அப்புறம் புவிசார் குறியீடும் வாங்கியாச்சு, அதனால கிரைண்டர் வந்தா மட்டும் எல்லாருக்கும் கொஞ்சம் திமிரு கூடும்.

சண்டையும் உண்டு. பெயின்ட் சண்டைதான் பெருசு. ஐயாவுக்கு எல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கணும், ஸ்பிரே அடிச்சே ஆகணும்பாரு, டீச்சரக்கா அந்த கறையும் கீறலும் எங்கம்மா கை பட்டது அத எதுக்கு அழிக்கறீங்கம்பாங்க. ரெண்டு பேரும் பேசாம ரெண்டு ஞாயிறு கூட போயிருக்கு. நான் அக்கா கட்சி, ஆனா துரு புடிச்ச ஸ்க்ரூவையும் அப்படியே விடணும்னு சொல்றதெல்லாம் ஓவர், அத மாத்திட்டுப் போங்க. அரைக்காம கண்ணாடி அலமாரியில வெக்கறவங்கள பாத்தா எங்க எல்லாருக்கும் சேர்ந்து கோவம் வரும், அதுல மட்டும் ஒத்துமை. மோட்டார் அப்பப்ப ஓடணும்ங்க, சும்மா வெச்சா புஷ்ல எண்ணெய் காஞ்சு புடிச்சுக்கும்.

மொத்தத்துல 900 பிளஸ் 450, ஆகமொத்தம் 1,350 ரூபாய்க்கு பொடி அரைக்க இத விட்டா எனக்கு வேற மிஷின் வேண்டாம். வீட்ல ஒரே ஒரு மிக்ஸிதான் வெக்க முடியும், தினமும் காலைல சட்னி, ஜூஸு, அவசரம்னா புதுசே வாங்கிக்கோங்க, பக்கத்து கடையிலயே ஜாரும், ஜார மோட்டாரோட சேக்கற கப்ளரும் கெடைக்கும், இதுக்கு பின்னாடி அலைய உங்களால ஆகாது. ரெண்டாவது மிக்ஸியா, பொடி ஐட்டத்துக்கு, ஸ்க்ரூ டிரைவர் புடிக்கற ஆசை கொஞ்சம் இருக்கறவங்களுக்குன்னா கண்ண மூடிட்டு வாங்கலாம். ஆன்லைன்ல ஓடற வீடியோ இல்லாம போட்டோ மட்டும் போட்டு விக்கறவங்ககிட்ட வாங்காதீங்க, ரெஸ்டோர்டுன்னு சொல்லி பாலிஷ் மட்டும் போட்டு நாலாயிரம் அஞ்சாயிரம் கேக்கறாங்க, அந்த காசுக்கு கம்பெனி வாரண்டியோட புதுசு வந்துரும்.

அப்புறம் பெரிய ஜார் மூடி இன்னும் எனக்கு கெடைக்கல, இப்போதைக்கு ஒரு எவர்சில்வர் தட்ட கவுத்து கையில அமுக்கிப் புடிச்சுட்டு ஓட்டறேன், அண்ணன் பில் புக்குல எழுதியாச்சு. யார் வீட்டு பரண்லயாவது மூடி மட்டும் தனியா இருந்தா சொல்லுங்க, பதிலுக்கு ரெண்டு செட் கார்பன் பிரஷ் தரேன்.