பிரிட்டனின் கௌரவ நைட் விருது: பெறுபவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது

2025 பிப்ரவரியில் டாட்டா சன்ஸ் தலைவர் என். சந்திரசேகரனுக்குப் பிரிட்டன் கௌரவ நைட் விருதை அறிவித்தது. மோகனூர்க்காரரான அவர் இனி ‘சர் சந்திரசேகரன்’ ஆகிவிட்டாரா என்றால், இல்லை. வெளிநாட்டுக் குடிமக்களுக்கு ‘சர்’ அடைமொழி கிடையாது. அரசர் முன் மண்டியிட, அவர் வாளால் தோளைத் தொடும் சடங்கும் கிடையாது. பெயருக்குப் பின்னால் விருதின் எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம், பதக்கத்தை அணியலாம். அவ்வளவுதான்.

இப்படித் தரப்படுவது பெரும்பாலும் கேபிஇ (KBE, நைட் கமாண்டர் என்ற படி). 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கிய பிரிட்டிஷ் பேரரசு ஆர்டர் என்ற விருது வரிசையில் ஐந்து படிகள் உண்டு. மேலிருந்து ஜிபிஇ, கேபிஇ, சிபிஇ, ஓபிஇ, எம்பிஇ. இவற்றில் முதல் இரண்டுக்குத்தான் நைட் தகுதி. சிபிஇ, ஓபிஇ வாங்கியவரை நைட் என்று எழுதுவது தவறு. பிரிட்டிஷ்காரராக இருந்தாலும் அவர் ‘சர்’ ஆக மாட்டார். ரத்தன் டாட்டா 2009இல் கேபிஇ பெற்று, 2014இல் ஜிபிஇக்கு உயர்ந்தார். சிதார் மேதை ரவிசங்கர் 2001இல் கேபிஇ பெற்றார்.

கேபிஇ பெறும் ஆணுக்கு இரண்டு பொருள்கள் வரும்: கழுத்தில் ரிப்பனோடு தொங்கும் சிலுவைப் பதக்கம், கோட்டின் இடப்பக்கம் குத்தும் வெள்ளி நட்சத்திரம். ரிப்பன் ரோஜா நிறம். இரு ஓரங்களும் முத்துச் சாம்பல். நடுவிலும் ஒரு சாம்பல் கோடு ஓடினால் அது இராணுவப் பிரிவு. இதை வாங்க லண்டன் போய்த்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பில் கேட்ஸ் 2005இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் அரசியிடமே பெற்றார். பாடகர் போனோவுக்கு 2007இல் டப்ளினில் பிரிட்டிஷ் தூதரின் இல்லத்தில் வழங்கினார்கள். எங்கே வாங்கினாலும் விருதின் படி ஒன்றே.

யார் கௌரவ விருதாளர், யார் முழு விருதாளர் என்பதைத் தீர்மானிப்பது குடியுரிமை. பிறந்த ஊரோ, இப்போது வசிக்கும் ஊரோ அல்ல. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகியவை காமன்வெல்த் நாடுகள்தான். ஆனாலும் பிரிட்டிஷ் அரசர் அவற்றின் அரசுத் தலைவர் அல்ல. ஆகவே அந்நாட்டுக் குடிமக்களுக்குக் கௌரவ விருதுதான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பிரிட்டிஷ் குடியுரிமையும் உள்ளவர் என்பதால் 2012இல் முழு நைட் ஆனார். சி. வி. ராமன் 1929இல் ‘சர்’ ஆனதும் இதே கணக்கில்தான். அன்று அவர் பிரிட்டிஷ் பிரஜை.

குடியுரிமை மாறினால் விருதும் மாறக்கூடும். வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் 1965இல் கௌரவ கேபிஇ பெற்றார். 1985இல் பிரிட்டிஷ் குடியுரிமை வந்தபின் ‘சர் யெஹுதி’ ஆனார். அயர்லாந்துக்காரரான பாடகர் பாப் கெல்டாஃப் 1986இல் பெற்றதும் கௌரவ விருதுதான். ‘சர் பாப்’ என்று ஊரெல்லாம் அழைத்தாலும் அந்த வழக்கத்துக்கு அதிகார மதிப்பு கிடையாது.

பரிந்துரைப்பது எளிது, காத்திருப்பது கடினம். யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், கட்டணம் இல்லை. வெளிநாட்டவர் பெயர்கள் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகத்தின் வழியாகப் போகும். அவரை நேரில் அறிந்தவர்கள் எழுதிய ஆதரவுக் கடிதங்கள் குறைந்தது 2 வேண்டும். பரிசீலனை முடிய ஓராண்டுக்கு மேல் பிடிக்கலாம். இறந்தவர்களைப் பரிந்துரைக்க முடியாது. பரிந்துரைத்திருப்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லவும் கூடாது. கிடைக்காமல் போனால் ஏமாற்றம் அவருக்குத்தான்.

பரிந்துரைகள் வலுவிழப்பது எழுத்தில். பதவிகளையும் பழைய விருதுகளையும் அடுக்கிக் கொடுத்தால் அது தன்விவரக் குறிப்பாகிவிடும். அவரால் பிரிட்டனுக்கோ, பிரிட்டனோடு உள்ள உறவுக்கோ என்ன கூடியது, அவர் இல்லாவிட்டால் எது நடந்திராது என்பதை எழுத வேண்டும். அறிமுகமே இல்லாத அமைச்சரின் கடிதத்தைவிட, கூடவே வேலை பார்த்தவரின் ஒரு பக்கக் கடிதம் கனமானது.

இந்தியருக்கு இன்னொரு கேள்வி உண்டு. அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு, வெளிநாட்டு அரசிடமிருந்து குடிமக்கள் பட்டம் ஏற்பதைத் தடுக்கிறது. பெயருக்கு முன்னால் எதுவும் ஒட்டாத கௌரவ விருது இந்தப் பிரிவின் நோக்கத்தோடு மோதாமல் நிற்கிறது. ‘சர்’ இல்லாததைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். எங்கள் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த அம்சம் அதுதான். நன்றியைச் சொல்கிறது, விசுவாசத்தைக் கேட்பதில்லை.

நம் ஊரில் அதிகம் தெரிந்த ‘செவாலியே’யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிவாஜி கணேசனுக்கு 1995இலும் கமல்ஹாசனுக்கு 2016இலும் பிரான்ஸ் அளித்தது கலை இலக்கிய ஆர்டரின் செவாலியே. மூன்று படிகள் கொண்ட அந்த ஆர்டரில் அது முதல் படி. மேலே ஒஃபிசியே, கொமாந்தர் உண்டு. கேபிஇயோ ஐந்தில் மேலிருந்து இரண்டாவது. இரண்டையும் ‘நைட்’ என்றே சொன்னாலும் படிவரிசை வேறு. ஆனால் பிரான்ஸின் விருது கலைக்கென்றே உள்ளது. ஒரு கலைஞருக்கு எது பொருத்தம் என்று கேட்டால், தயங்காமல் அதையே சொல்வோம்.

பிரிட்டிஷ் ஏற்பாட்டின் பெரிய குறை, அரசுமுறைப் பயணத்தின்போது தலைவர்களுக்குத் தரப்படும் விருதுகள். ருமேனியாவின் சௌஷெஸ்குவுக்கு 1978இலும் ஜிம்பாப்வேயின் முகாபேக்கு 1994இலும் பாத் ஆர்டர் என்ற இன்னொரு விருது வரிசையின் உயர்படியான கௌரவ ஜிசிபி தரப்பட்டது. முதலாமவரிடமிருந்து 1989 டிசம்பரில், ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் பறித்தார்கள். முகாபேயிடமிருந்து 2008இல். மக்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் இரண்டுமே மிகத் தாமதம். உழைப்பைப் பார்த்துத் தரும் கேபிஇயையும் ராஜதந்திரத்துக்காகத் தரும் ஜிசிபியையும் ஒரே மரியாதையோடு பார்க்க எங்களால் முடியவில்லை.

‘நைட் பட்டம் வாங்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவர்களிடம் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். விருதை விற்பதும் வாங்குவதும் 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரிட்டனில் குற்றம். மாண்டி கிரெகரி என்ற தரகர் 1933இல் அதற்காகத் தண்டிக்கப்பட்டார். அங்கியும் வாளுமாக ஹோட்டல் அரங்கில் பட்டம் சூட்டும் தனியார் அமைப்புகளுக்கும் பிரிட்டிஷ் அரசருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உண்மையான கௌரவ விருதில் வாளே கிடையாது.